செம்பிக்கு வயசாகிவிட்டது என்றார்கள்

எங்கள் வீட்டில் கடத்தூர் வெல்லத்தை இரண்டு கணக்காக வாங்குவோம். ஒன்று அடுப்படிக்கு, இன்னொன்று லாயத்துக்கு. காலையில் லாயத்தைக் கூட்டும்போது எங்கள் பெட்டைக் குதிரை செம்பிக்கு ஓர் உருண்டை, சாயங்காலம் தண்ணீர் காட்டியபின் ஓர் உருண்டை. அப்பா உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அவள் பல் படாமல் உதட்டால் ஒற்றி எடுத்துக்கொள்வாள். ஏறக்குறைய 14 வருடம் இப்படித்தான். அந்த வெல்லத்துக்கும் அவளுக்குச் சினை பிடிக்காமல் போனதற்கும் தொடர்பு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வயதான பெட்டைக் குதிரையை வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு குட்டி பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்குகிற யாருக்காவது இது போய்ச் சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன். மாட்டுக்குச் சினை பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று தமிழில் எவ்வளவோ படிக்கலாம். குதிரைக்கு அப்படித் தேடிப் படிக்க எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மூன்று வருடம் அலைந்து, ஒவ்வொரு டாக்டரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை ஒரே இடத்தில் வைக்கிறேன்.

எங்கள் ஊர் ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில். தக்காளியும் கேழ்வரகும் விளைகிற பூமி. தாத்தா ராயக்கோட்டை ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். ஜட்கா போய் ஆட்டோ வந்த பிறகும் எங்கள் வீட்டில் குதிரை இல்லாத வருடம் கிடையாது. இந்த மண் குதிரைக்கு ஏற்ற மண் என்று அப்பா அடித்துச் சொல்வார். அதற்கு அவர் காட்டும் சாட்சி ஓசூர் மத்திகிரி கால்நடைப் பண்ணை. இன்று மாட்டுப் பண்ணையாகத் தெரிகிற அந்த இடம், 1824இல் ஆங்கிலேயப் படைக்குக் குதிரை தயார்செய்யத் தொடங்கிய இடம். குளிர்ந்த காற்று, காய்ந்த தரை, புல். குதிரைக்கு வேறென்ன வேண்டும் என்பார்.

செம்பியை 2010 ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் வாங்கினோம். அப்போது அவளுக்கு 4 வயது. கத்தியவார் கலப்பு, செம்பு நிறம், நெற்றியில் விரல்நுனி அளவுக்கு ஒரு வெள்ளை. மாப்பிள்ளை ஊர்வலம், மாரியம்மன் திருவிழா என்று சுற்றுவட்டாரம் முழுக்க அவளைத் தெரியும். 2014இல் ஒரு குட்டி போட்டாள். அந்த வருடம் வீட்டில் பணமுடை, குட்டியை விற்றுவிட்டோம். அதை விற்றதை அப்பா இன்றுவரை மறக்கவில்லை. செம்பியின் வழியில் ஒரு குட்டி லாயத்தில் நிற்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை என்பதைவிட, தீர்க்க வேண்டிய கடன் மாதிரி.

2021இல் மறுபடி முயன்றோம். அவளுக்கு 15 வயது. பாகலூர் தாண்டி ஒரு பண்ணையில் நல்ல பொலிக்குதிரை இருந்தது. மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இணைசேர்த்தோம். பிடிக்கவில்லை. அடுத்த வருடமும் பிடிக்கவில்லை. 2023இலும் இல்லை. பெரியப்பா பொலிக்குதிரையின் சுழி சரியில்லை என்றார். பக்கத்து வீட்டு அத்தை கண்ணேறு என்றார். பார்த்த டாக்டர்களில் ஒருவர் பருவத்துக்கு வர ஊசி போட்டார், கருமுட்டை வெளிவர இன்னோர் ஊசி போட்டார். இன்னொருவர் கழுத்து பருத்திருப்பதைப் பார்த்துத் தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கடைசியில் எல்லோரும் வந்து நின்றது ஒரே வார்த்தையில்: "வயசாயிடுச்சுங்க."

அந்த வார்த்தை பொய்யில்லை. அதுதான் சிக்கல். பெட்டைக் குதிரை தன் வாழ்நாளுக்கான கருமுட்டைகள் அத்தனையையும் தாய் வயிற்றிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. 15 வயதுக் குதிரையின் கருமுட்டைக்கும் வயது 15. அந்த வயதுக்குமேல் சினைப்பிடிப்பு குறையும், பிடித்த கருவும் முதல் சில வாரங்களில் கலைவது கூடும். இதெல்லாம் உண்மை. ஆனால் வயது என்று சொன்னதும் எல்லோரும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். நாங்களும் நிறுத்திவிட்டோம். வயதோடு சேர்ந்து வருகிற, ஆனால் வயது அல்லாத இரண்டு நோய்கள் அவளுக்குள் இருந்தன. அவற்றை முதலில் கண்டது டாக்டர் இல்லை, லாடம் அடிக்க வரும் பாய்.

2023 கார்த்திகை. செம்பியின் முன்னங்காலைத் தொடைமேல் வைத்துக் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அண்ணே, இங்க வாங்க. இந்த வளையத்தப் பாருங்க. முன்னாடி நெருக்கமா இருக்கு, பின்னாடி போகப்போக அகலமா விரியுது. எல்லாக் குதிரைக்கும் வளையம் இருக்கும், ஆனா ஒரே அளவா இருக்கும்."

பிறகு அடிப்பாதத்தைத் திருப்பிக் காட்டினார். குளம்பின் சுவரும் பாதமும் சேருகிற வெள்ளைக் கோடு அகன்றிருந்தது. அதில் ஓரிடத்தில் பழைய ரத்தக் கறை.

"இது நடக்கக் கஷ்டப்படுற குதிரைண்ணே. நொண்டாம இருக்கிறதால உங்களுக்குத் தெரியல. ஓசூர்ப் பக்கம் ரேஸ் முடிஞ்சு வந்த குதிரைங்ககிட்ட இத நெறையப் பாத்திருக்கேன். உள்ள சர்க்கரை விவகாரம் இருக்கும். ரத்தம் பாருங்க."

அப்பாவுக்கே சர்க்கரை உண்டு. வீட்டில் விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே செம்பியின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து அதில் வைத்தார். அளவு சரியாக இருந்தது. பாய் சொன்னது தப்பு என்று ஆறுதலாகத் தூங்கினோம். அந்த ஆறுதலுக்கு ஒரு மாதம் போனது. குதிரையின் சர்க்கரை விவகாரம் மனிதருடையது மாதிரி இல்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. இந்தக் கோளாறு இருந்தாலும் பெரும்பாலான குதிரைகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு உயராது. அதைக் கூடவிடாமல் வைத்திருக்கக் கணையம் அளவுக்கு மீறி இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது சர்க்கரையை அல்ல, இன்சுலினை.

பெங்களூரிலிருந்து குதிரைகளுக்கென்றே வைத்தியம் பார்க்கும் டாக்டர் அம்மா ஒருவர் மாதம் ஒருமுறை ஓசூர்ப் பண்ணைகளுக்கு வருவார் என்று பாய்தான் சொன்னார். 2024 ஜனவரியில், பனி விலகாத ஒரு காலையில் வந்தார். ஸ்கேன் மெஷினை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினார். முதலில் பிடரியைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிடரிமயிருக்கு அடியில் கொழுப்பு கெட்டியாகத் திரண்டு, ஒரு பக்கம் சாய்கிற அளவுக்கு இருந்தது. வால் வேர்ப்பகுதியில் கொழுப்பு மேடு. கண்ணுக்குமேல் குழிவாக இருக்க வேண்டிய இடம் உப்பியிருந்தது. அப்புறம் முதுகைத் தடவினார். வயிறு தொங்க, முதுகெலும்பு மட்டும் மேடாகத் தெரிந்தது. நாங்கள் அதை முதுமை என்று நினைத்திருந்தோம்.

"இந்த ரோமம் எப்ப உதிரும் ஐயா?" என்று கேட்டார்.

அப்பா யோசித்தார். முன்பெல்லாம் பங்குனி பிறந்தால் உதிர்ந்துவிடும். போன வருடம் சித்திரை வெயிலிலும் நீளமாகவே இருந்தது. அவள் வியர்த்துக்கொண்டே நின்றதால் நாங்கள் கத்தரித்துவிட்டோம். அதற்கு முந்தின வருடமும் கொஞ்சம் அப்படித்தான். தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா? ஆமாம், லாயத்தரை எப்போதும் ஈரம். சேணம் அழுத்திய புண் ஆறியதா? மூன்று மாதமாக ஆறவில்லை. பருவத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறாள்? முன்பு மூன்று வாரம், இப்போது நாற்பது நாள், சில சமயம் இரண்டு மாதம்.

கேள்விகள் எல்லாம் எங்களுக்குப் பதில் தெரிந்தவைதான். தனித்தனியாக எல்லாமே தெரிந்திருந்தது. ஒருவரும் அவற்றைச் சேர்த்துக் கேட்டதில்லை.

பருவத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிரை பகல் வெளிச்சத்தின் கணக்கில் ஓடுகிற பிராணி. பகல் நீளும்போது பருவத்துக்கு வரும், குறையும்போது கருமுட்டைப் பை ஓய்வெடுக்கும். குளிர் நாடுகளில் வருடத்தின் தொடக்கத்திலேயே குட்டி வேண்டும் என்பதற்காக, டிசம்பரிலிருந்தே லாயத்தில் விளக்கெரித்து 16 மணி நேர வெளிச்சம் காட்டுவார்கள். நம் பக்கம் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிற பெட்டை இங்கே வருடத்தில் பல மாதங்கள் 21, 22 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். அந்தச் சுற்று நாற்பது நாளாக நீண்டால் அதைக் குறித்துவைக்க வேண்டும். அப்பா காலண்டரில் குறித்துத்தான் வைத்திருந்தார். அதை எடுத்து யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரியில் ரத்தம் எடுத்தார்கள். அந்த மாதத்தைக் காத்திருந்து தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை நல்ல குதிரைக்கும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் தானாகவே உயரும், அப்போது எடுத்தால் குழப்பம் வரும். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே பெங்களூர் ஆய்வகத்தில் சேர்த்தோம். சூடு பட்டால் அந்த ஹார்மோன் சிதைந்து அளவு குறைத்துக் காட்டும். இன்னொரு சோதனைக்கு ராத்திரி தீனியை நிறுத்தி, காலையில் எடைக்கு ஏற்றபடி சோளச் சர்க்கரைப் பாகை வாயில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து இன்சுலின் பார்த்தார்கள்.

இரண்டுமே தப்பாக இருந்தன. ஏசிடிஎச் இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு. இன்சுலினும் எல்லையைத் தாண்டி வெகுதூரம்.

முதல் நோய்க்குப் பிபிஐடி என்று பெயர். குஷிங் நோய் என்றும் சொல்கிறார்கள். டாக்டர் அம்மா அப்பாவுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சின்ன சுரப்பி இருக்கிறது. அதன் நடுப்பகுதியை மூளையிலிருந்து வரும் நரம்புகள் டோபமைன் என்ற பொருளைவிட்டு அடக்கி வைத்திருக்கின்றன. டோபமைன்தான் கடிவாளம். வயதாகும்போது அந்த நரம்புகள் அழிகின்றன. கடிவாளம் அறுந்த நடுப்பகுதி வீங்கி, ஏசிடிஎச்சையும் அதன் கூட்டாளி ஹார்மோன்களையும் கட்டுப்பாடின்றிக் கொட்டத் தொடங்குகிறது. 15 வயது தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இது இருப்பதாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உதிராத ரோமம், கரையும் முதுகுத் தசை, அதிகத் தாகம், ஆறாத புண், குலைந்துபோன பருவச் சுற்று எல்லாம் அந்த ஒரே இடத்திலிருந்து வருபவை. மனிதர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயிலும் டோபமைன் நரம்புகள்தான் அழிகின்றன என்று அவர் சொன்னபோது, கை நடுங்கிக்கொண்டே கடைசிக்காலத்தைக் கழித்த எங்கள் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, குதிரையின் வளர்சிதை மாற்றக் கோளாறு, சுருக்கமாக இஎம்எஸ். கொழுப்பு திரண்டு, இன்சுலின் மிஞ்சி, குளம்பைக் கெடுப்பது இதுதான். 2002இல்தான் அதற்கு இந்தப் பெயரே வைத்தார்கள். அதற்கு முன்னால் பிடரி பருத்துக் குளம்பு கெட்ட குதிரையைப் பார்த்தால் தைராய்டு குறைவு என்றுதான் சொல்வார்கள். செம்பிக்கு ஒருவர் தைராய்டு மாத்திரை கொடுத்ததும் அந்தப் பழைய வழக்கத்தில்தான். உண்மையில் வளர்ந்த குதிரைக்குத் தைராய்டு குறைவு மிக அபூர்வம். அந்த மாத்திரை உடம்பை இளைக்கவைக்கக் கொஞ்சம் உதவும், ஆனால் நோய் அங்கே இல்லை. அந்த டாக்டர்மீது எனக்குக் கோபம் இல்லை. ரத்தம் பார்க்காமல் எழுதிக்கொடுத்ததில்தான் வருத்தம்.

இவை இரண்டும் கருப்பைக்கு என்ன செய்கின்றன என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கழுத்தில் இருக்கிற கொழுப்பு வயிற்றில் வளரப்போகிற குட்டியை எப்படித் தடுக்கும்? பதில் இதுதான். கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. அது லெப்டின் போன்ற ஹார்மோன்களையும், உடம்பில் அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கருமுட்டை வெளிவருவதற்கும் அடுத்தது வெளிவருவதற்கும் உள்ள இடைவெளி நீள்கிறது. கருமுட்டை மிதந்து முதிர்கிற திரவத்தின் தன்மையே மாறுகிறது. ஏற்கெனவே வயதான முட்டை, அதற்கு வாய்த்த சூழலும் கெட்டது. கொழுத்த பெட்டைகள் சில, மற்றவை ஓய்வெடுக்கிற மாதங்களிலும் பருவத்துக்கு வந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்து நல்ல வீரியமான குதிரை என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. நாங்களும் ஒரு மார்கழியில் சந்தோஷப்பட்டோம்.

கருப்பைக்குள் நடப்பது இன்னும் முக்கியம். இணைசேர்ந்ததும் விந்தோடு அழுக்கும் கிருமியும் உள்ளே போவதும், கருப்பை சிவந்து அழன்று நீர் சுரப்பதும் எல்லாப் பெட்டைக்கும் இயல்புதான். நல்ல கருப்பை சுருங்கிச் சுருங்கி ஒன்றிரண்டு நாளில் அதை வெளியே தள்ளிச் சுத்தமாகிவிடும். கரு, கருமுட்டைக் குழாயிலிருந்து ஆறாம் நாள் வாக்கில்தான் கருப்பைக்குள் இறங்கும். அதற்குள் இடம் சுத்தமாக வேண்டும். வயதானவளுக்குக் கருப்பை தொய்ந்து வயிற்றுக்குள் சரிந்திருப்பதால் நீர் வெளியேறாமல் தேங்கும். பிபிஐடி இருந்தால் நோய் எதிர்ப்புச் சக்தியும் குறைவு. செம்பியின் சேணப்புண் எப்படி ஆறவில்லையோ, அப்படித்தான் உள்ளேயும் ஆறவில்லை. மூன்று வருடமும் கரு உருவாகியே இருக்கலாம், இறங்கிவந்த இடம் சீழ்நீராக இருந்திருக்கும் என்று அவர் சொன்னபோது அப்பா எழுந்து லாயத்துக்குப் போய்விட்டார்.

சரி, வைத்தியம். முதல் வேலை வெல்லத்தை நிறுத்துவது. வெல்லம் மட்டுமா? அவளுக்கென்று தினமும் செய்த கேழ்வரகுக் களி, மாம்பழக் காலத்தில் பக்கத்துத் தோப்பிலிருந்து வந்த கழிவுப் பழம், ஊர்வலத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்த வாழைப்பழமும் ரொட்டியும், மக்காச்சோளம். எல்லாம் நின்றது. கொள்ளு மட்டும் ஒரு கைப்பிடி அளவில் விட்டுவைத்தார்கள். காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தோம். புல்லில் இருக்கிற சர்க்கரையில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பட்டினி போடக்கூடாது என்பதில் டாக்டர் அம்மா மிகக் கண்டிப்பாக இருந்தார். கொழுத்த குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் கொழுப்பெல்லாம் ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு காய்ந்த தீனி, அதை நாலு வேளையாகப் பிரித்து.

எடை பார்க்கத் தராசு எங்கே போவது? தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்புட்டம் வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் கிலோ வரும். முதல் ஞாயிற்றுக்கிழமை சுற்றளவு 175, நீளம் 150. ஏறக்குறைய 387 கிலோ. ஒவ்வொரு ஞாயிறும் அளந்து கதவில் சாக்குக்கட்டியால் எழுதினேன். பத்தாவது மாதம் சுற்றளவு 165. 344 கிலோ.

பிபிஐடிக்குப் பெர்கோலைடு மாத்திரை. ஒருகாலத்தில் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்து அது. மனிதர்களின் இதய வால்வைப் பாதிக்கிறது என்று 2007இல் அமெரிக்காவில் மனிதப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். குதிரைக்கு அதுவே இன்று முதல் மருந்து. அறுந்த கடிவாளத்தின் வேலையை அது செய்கிறது. ஒரு கிலோ எடைக்கு 2 மைக்ரோகிராம், அதாவது செம்பிக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. எங்கள் ஊர் மருந்துக்கடையில் கிடைக்காது, பெங்களூர் வழியாக வரவழைத்தோம். முதல் வாரம் தீனியைத் தொடவே இல்லை. மாத்திரையின் அளவைக் குறைத்து மெல்ல மெல்ல ஏற்றியபிறகுதான் சாப்பிட்டாள். தன் சர்க்கரைக்கு எழுதிக்கொடுத்த மெட்பார்மின் மாத்திரையில் பாதியைச் செம்பிக்குக் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டார். குதிரையின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, வேண்டாம் என்றார்கள்.

வைகாசியில் ரோமம் உதிர்ந்தது. கத்தரிக்காமல், தானாக. வாரிவிட வாரிவிட வந்துகொண்டே இருந்தது. அடியில் அந்தச் செம்பு நிறம். அம்மா வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஆவணியில் பருவச் சுற்று 24 நாளுக்கு வந்தது. ஐப்பசியில் எடுத்த இன்சுலின் இயல்பு அளவு.

டிசம்பரில் கருப்பையின் உட்சுவரில் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். அதில் 1, 2ஏ, 2பி, 3 என்று தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு முறை குட்டி கிடைக்கும். 3 என்றால் பத்துக்கும் கீழே. செம்பிக்கு 2பி, அதாவது பத்திலிருந்து ஐம்பது. வருடக்கணக்கான அழற்சியில் சுவர் நார்பிடித்திருந்தது. அது இனித் திரும்பாது. 2021லேயே ரத்தம் பார்த்திருந்தால் இந்தத் தரம் வேறாக இருந்திருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

2025 மார்ச்சில் இணைசேர்த்தோம், ஒரே ஒரு முறை. ஆறு மணி நேரத்தில் டாக்டர் அம்மா கருப்பையை ரிங்கர் லாக்டேட் திரவத்தால் கழுவினார், ஆக்சிடோசின் ஊசி போட்டுச் சுருங்கவைத்தார். அடுத்த நாளும் அதே. புழை உதடுகளின் மேல்பகுதியைச் சேர்த்துத் தையல் போட்டார். வயதானவளுக்கு அந்த இடம் உள்வாங்கிச் சாய்ந்திருப்பதால் காற்றும் சாணமும் உள்ளே போகும், அதைத் தடுக்கத்தான். 15ஆம் நாள் ஸ்கேனில் கறுப்பாக ஓர் உருண்டை, வட்டமாக, தெளிவாக. 28ஆம் நாள் அதற்குள் ஒரு மினுக்கல். இதயம். திரையைத் தொடப் போன அப்பா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

42ஆம் நாள் அந்த மினுக்கல் இல்லை.

டாக்டர் அம்மா நெடுநேரம் தேடினார். பிறகு மெஷினை அணைத்தார். முட்டை 19 வருடம் பழையது ஐயா, நாம் செய்யக்கூடியதெல்லாம் செய்தோம், அது மட்டும் நம் கையில் இல்லை என்றார். இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாறு வாரம் தாண்டிய சினையில் குதிரையின் கருப்பைச் சுவரில் கிண்ணம் போன்ற சில முடிச்சுகள் உருவாகி, ஒரு தனி ஹார்மோனைச் சுரக்கும். கரு போனாலும் அந்தக் கிண்ணங்கள் போவதில்லை. நாலு மாதச் சினை ஆகியிருக்க வேண்டிய காலம்வரை இருந்து, உடம்பை ஏமாற்றிக்கொண்டே இருக்கும். வைகாசி, ஆனி முழுக்கச் செம்பி பருவத்துக்கு வரவில்லை. பொலிக்குதிரையின் கனைப்புக் கேட்டால் காதை மடக்கினாள், சினைக்குதிரை செய்வதுபோலவே. அவளைப் பொறுத்தவரை குட்டி உள்ளேதான் இருந்தது.

ஆடிக் கடைசியில் மறுபடி பருவத்துக்கு வந்தாள். எனக்கு ஆசை விடவில்லை. 2023இல் பிகானேரில் மார்வாரிக் குதிரையின் கருவை வேறொரு பெட்டையின் வயிற்றில் வைத்துக் குட்டி பிறந்ததைப் படித்திருந்தேன். அப்படி ஏதாவது செய்ய முடியுமா என்று டாக்டர் அம்மாவிடம் போனில் கேட்டேன். வேறு கருப்பை கொடுக்கலாம், வேறு முட்டை கொடுக்க முடியாதே என்றார். இன்னொன்றும் சொன்னார். சினைக்காலத்தின் கடைசி மாதங்களில் எந்தக் குதிரைக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. செம்பிக்கு அது மறுபடி குளம்பில் போய் நிற்கும். குட்டி போடும் காலத்தில் பெர்கோலைடையும் நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பால் சுரக்காது. அத்தனை எடையையும் சுமந்துகொண்டு அந்தக் கால்களில் அவள் நிற்க வேண்டும்.

அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டு, இன்னும் ஒரே ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் ஊறிய புல்லைப் பிழிந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"போதும்மா. அவகிட்ட கேட்டது போதும்."

மாத்திரை தொடர்கிறது. வெள்ளரிக்காய்த் துண்டைக் கீறி, மாத்திரையை நடுவில் செருகி அப்பா உள்ளங்கையில் நீட்டுகிறார். தை பிறந்ததும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். மழைக்காலப் பசும்புல்லில் அவிழ்த்துவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். தளதளவென்று வளர்கிற புல்லிலும் சர்க்கரை உண்டு.

போன வாரம் பாய் வந்திருந்தார். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறார் இப்போது. குளம்பு மயிர்க்கோட்டிலிருந்து தரைவரை வளர்ந்து இறங்க ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும் என்பதால், குளம்பைப் பார்த்தாலே போன வருடத்தைப் படித்துவிடலாம். ஐப்பசிக்குப் பிறகு வளர்ந்த பகுதி முழுக்க வழவழப்பாக இருந்தது. அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய வளையங்கள் மிச்சம். இன்னும் இரண்டு தடவை சீவினால் அதுவும் போய்விடும் என்றார்.